70 கிலோமீட்டரில் இருக்கிற மெஷினா, சென்னையா? அம்மாவுக்குக் கரண்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்

#1 வைகைக்கரை, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுத வேண்டிய நிலைமை.

அம்மாவுக்கு 56 வயது. மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்துத் திரும்ப உதிரப்போக்கு. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தே நாலு மாதம் ஓட்டியிருக்கிறார். எங்களிடம் மூச்சு விடவில்லை. பயாப்ஸியில் கருப்பை வாய்ப் புற்று, 2பி நிலை என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் இல்லை, 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு), கூடவே வாரம் ஒரு கீமோ, கடைசியில் உள் கரண்ட் (உள்ளே குழாய் பொருத்திக் கட்டிக்குப் பக்கத்திலேயே வைக்கும் கதிர்) மூன்று தடவை என்று சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் தென் மாவட்டத்துக் கிராமம். 70 கிலோமீட்டரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே இந்த வசதி உண்டு. சித்தப்பா சென்னைக்குக் கூட்டிப்போ என்கிறார். "கவர்மெண்டு மெஷின் பழசு, வயித்தையே கருக்கிவிட்டுரும்" என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மாமா முதல்வர் காப்பீட்டு அட்டையை வைத்துத் தனியாரில் பார்க்கலாம் என்கிறார். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்கிறார், "ரெண்டு மாசம் நான் மெட்ராஸ்ல கிடந்தா மாட்டை யாரு பாக்குறது?"

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மூன்று நாளில் முடிவெடுக்க வேண்டும்.

#2 குற்றாலச்சாரல், இரவு 10.05

தம்பி, யோசிக்காமல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கிளம்புங்கள். 1954ல் முத்துலட்சுமி ரெட்டி அம்மா ஆரம்பித்த இடம். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் கட்டியது. அப்புறம் டாக்டர் சாந்தா அம்மா 2021ல் சாகும்வரை அந்த வளாகத்தையே வீடாக வைத்துக்கொண்டு பார்த்தார். கருப்பை வாய்ப் புற்றில் அவர்கள் பார்த்த அளவுக்கு நோயாளிகளை வேறு யார் பார்த்திருப்பார்கள்? உயிர் விஷயத்தில் மாட்டையெல்லாம் பார்க்காதீர்கள்.

ரயிலுக்குச் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் முழுக்க இலவசம், கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

#3 ரிட்டயர்டு_டெக்னீஷியன், இரவு 11.20

அரசு ஆஸ்பத்திரி ரேடியேஷன் அறையில் 31 வருடம் வேலை பார்த்தவன். பழைய கோபால்ட் மெஷினில் ஆரம்பித்து, மின்சாரத்தில் கதிர் உண்டாக்குகிற லீனியர் ஆக்சிலரேட்டரில் முடித்தேன். அதனால் அந்த 'கருக்கிவிடும்' பேச்சுக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கோபால்ட் மெஷினின் தலைக்குள் இருப்பது ஒரு சின்ன உலோகக் குப்பி. அதற்குள் கோபால்ட் 60. அது ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். புது சோர்ஸ் (கதிர் தருகிற அந்தக் குப்பி) வந்த மாதத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் வைத்தோம் என்றால், ஐந்து வருடம் போனபின் அதே அளவுக்கு இரண்டு நிமிடம் வைப்போம். மாதாமாதம் கணக்குப் போட்டு நேரத்தைத் திருத்திச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். ஆக, சோர்ஸ் பழசானால் நோயாளிக்கு மருந்து குறைவதில்லை, மேசையில் படுத்திருக்கிற நேரம்தான் கூடும். அதனால் வெளியே வரிசையும் நீளும். சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிகிற வேலை எட்டு மணிக்கு முடியும். நாங்கள் பட்ட அவஸ்தை அதுதான்.

தோல் கறுப்பது பற்றி. கோபால்ட் கதிர் தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டரிலேயே முழு வேகத்துக்கு வந்துவிடும். ஆக்சிலரேட்டரில் சாதாரணமாக வைக்கும் 6 எம்வி கதிர் ஒன்றரை சென்டிமீட்டர் போய்த்தான் உச்சத்துக்கு வரும். அதனால் கோபால்ட்டில் தோல் கொஞ்சம் கூடுதலாகக் கறுக்கும் என்பது உண்மை. அதற்காகத்தான் இடுப்புக்கு முன்னால், பின்னால், இரண்டு பக்கவாட்டு என்று நாலு பக்கமாகப் பிரித்து வைப்பது. உங்கள் சித்தப்பா கேட்டது இருபது வருடத்துக்கு முந்தைய கதையாக இருக்கும். மதுரை, கோவை, தஞ்சாவூர், திருநெல்வேலி, தூத்துக்குடி அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் இப்போது ஆக்சிலரேட்டர் வந்தாயிற்று.

மெஷின் பழசா புதுசா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. ஆனால் 'எத்தனாம் தேதி ஆரம்பிப்பீர்கள், எத்தனாம் தேதி முடிப்பீர்கள்' என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

#4 தேனிக்காற்று, இரவு 11.48

ஐயா சொன்ன கடைசி வரியை ரத்தக்கண்ணீரோடு வழிமொழிகிறேன்.

அப்பாவுக்குத் தொண்டையில். 35 தடவை என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, சொல்லி இனி ஆகப்போவதும் இல்லை. 17வது தடவை முடிந்து மறுநாள் காலையில் போனால் கதவில் ஒரு வெள்ளைத்தாள். "மெஷின் பழுது. பிறகு வரவும்." பிறகு என்றால் எப்போது? உள்ளே ஆள் இல்லை. அடுத்த நாளும் அதே தாள். மூன்றாம் நாள் தாளின் ஒரு மூலை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். இப்படி ஒன்பது நாள். அப்பா பாவம், வாய்ப்புண் கொஞ்சம் ஆறுகிறதே என்று சந்தோஷப்பட்டார். ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டார். அந்த ஒன்பது நாளில் புண் மட்டுமா ஆறும், கட்டியும் தலை தூக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

பத்தாவது நாள் விட்ட இடத்தில் இருந்து 18 என்று எழுதி ஆரம்பித்தார்கள். ஒன்றரை வருடத்தில் திரும்ப வந்துவிட்டது. அந்த ஒன்பது நாளால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வராதபோது அந்தத் தாள்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

#5 இயற்பியல்_ஆள், மறுநாள் காலை 6.20

நான் மருத்துவ இயற்பியலாளர். டாக்டர் இத்தனை கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடு என்று எழுதுவார், அது எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் போனால் கட்டியில் சரியாக விழும் என்று கணக்குப் போடுவது எங்கள் வேலை.

தேனிக்காற்று, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது நேர்ந்திருக்கவே கூடாது. தலை, கழுத்து, கருப்பை வாய் இந்த இடங்களில் வருகிற புற்று பெரும்பாலும் செதிள் செல் வகை. சிகிச்சை ஆரம்பித்து மூன்று நாலு வாரம் ஆனதும் மிஞ்சிய செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். நடுவில் ஓய்வு விட்டால் அது அவற்றுக்குக் கொண்டாட்டம். தலை கழுத்துப் புற்றில் ஒரு நாள் நீண்டால் கட்டி அடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் போகும் என்பது எங்கள் துறையில் பாலபாடம். இந்த வகை நோயாளிகளுக்குச் சிகிச்சை இரண்டு நாளுக்கு மேல் நீளவே கூடாது என்று பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் விதியே வைத்திருக்கிறது.

விட்ட நாளை ஈடுகட்ட வழி இருக்கிறது. சனி, ஞாயிறில் வைக்கலாம். ஒரே நாளில் ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு தடவை வைக்கலாம். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு மெஷின் இருந்தால் அங்கே மாற்றலாம். இதையெல்லாம் டாக்டரும் நாங்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்வோம், நோயாளி கேட்டதும் தூக்கிக் கொடுக்கிற விஷயம் இல்லை. ஆனால் கேட்டால்தான் சில இடங்களில் அந்தக் கணக்கே ஆரம்பமாகிறது என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வைகைக்கரை, உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். வெளிக் கரண்ட், உள் கரண்ட் எல்லாம் சேர்த்து முதல் நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும். இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, உள் கரண்ட் மெஷின் அதே இடத்தில் ஓடுகிறதா என்பது. பல ஊர்களில் வெளிக் கரண்டை முடித்துவிட்டு, உள் கரண்டுக்கு வேறு ஊருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்த ஊரில் திரும்ப ஒரு ஓ.பி. சீட்டு, திரும்ப ரத்தப் பரிசோதனை, திரும்ப வரிசை. மூன்று வாரம் கண் எதிரே போய்விடும். உள் கரண்ட் மெஷினில் இரிடியம் 192 என்றால் அதன் ஆயுள் இன்னும் குறைவு, 74 நாளில் பாதி. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை சோர்ஸை மாற்றியே ஆக வேண்டும். எனவே, "சோர்ஸ் இருக்கிறதா, அடுத்தது எப்போது வருகிறது" என்று தைரியமாகக் கேளுங்கள்.

#6 குற்றாலச்சாரல், காலை 7.10

சரி, நாள் கணக்கு முக்கியம்தான். அப்படியானால் சென்னையில் மெஷின் நிற்காதே? பெரிய இடத்தில் ஒன்று போனால் இன்னொன்று இருக்குமே?

#7 ரிட்டயர்டு_டெக்னீஷியன், காலை 8.30

நியாயமான கேள்வி. பெரிய இடத்தில் நாலைந்து மெஷின் இருப்பது பெரிய பலம்தான். ஆக்சிலரேட்டர் ஒரு செல்லப்பிள்ளை. கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நிற்கும், குளிர்விக்கிற தண்ணீர் ஒரு டிகிரி சூடானாலும் நிற்கும். கோபால்ட்டுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. கதவு திறந்தால் கதிர், மூடினால் இல்லை, அவ்வளவுதான். (இப்படிச் சொன்னால் இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.)

ஆனால் பெரிய இடத்தில் ஆரம்பிக்கிற தேதிக்கே வரிசை இருக்கும். அங்கே போய் வாடகைக்கு அறை எடுத்து, மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு வந்ததும் "ஊருக்குப் போயிட்டு ரெண்டு நாள்ல வந்துடறோம்" என்று கிளம்பியவர்கள் திரும்பி வராததை நான் பார்த்திருக்கிறேன். பாதியில் விட்ட கார்டுகளை ஒரு இரும்பு அலமாரியில் தனியாக அடுக்கி வைத்திருப்போம். அதில் விலாசத்தைப் பார்த்தால் தூரத்து ஊர்க்காரர்கள்தான் அதிகம்.

குழந்தைகளுக்கு வருகிற புற்று, மூளை, கண்ணுக்குப் பக்கத்துக் கட்டி, ஏற்கெனவே கரண்ட் வைத்த இடத்தில் திரும்ப வைப்பது, இதற்கெல்லாம் நானே சென்னைக்கும் வேலூருக்கும் போகச் சொல்வேன். 2பி கருப்பை வாய் அப்படி இல்லை. அரசு ரேடியேஷன் துறைகள் தினமும் பார்த்துப் பார்த்துக் கைவந்த நோய் அது. மனது கேட்கவில்லை என்றால் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை சென்னை போய் இரண்டாவது கருத்துக் கேட்டு வந்து, இங்கேயே வையுங்கள்.

#8 மூலிகைமணி, காலை 9.02

கதிர்வீச்சு வைத்தால் உடம்பு முழுக்க விஷமாகிவிடும். பேரக்குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. முள்சீத்தா இலைக் கஷாயம் 40 நாள் குடித்தால்

[மீதி நீக்கப்பட்டது. இந்த இழையில் மாற்று மருந்துப் பரிந்துரை வேண்டாம். மட்டுறுத்துநர்]

#9 செல்வி_பேசுகிறேன், காலை 9.40

மேலே உள்ளவர் சொன்ன பேரக்குழந்தை விஷயம் பொய். எனக்கு மார்பில் வைத்தார்கள், 15 தடவை. தினமும் மெஷினிலிருந்து எழுந்து நேராகப் பால்வாடிக்குப் போய் மகளைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன். வெளிக் கரண்டில் மெஷினை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும், உடம்பில் ஒன்றும் தங்காது. அம்மாவுக்கு வைக்கிற உள் கரண்டிலும் சோர்ஸ் சில நிமிடம் உள்ளே போய்விட்டு மெஷினுக்கே திரும்பிவிடும். முடியும் கொட்டாது, எந்த இடத்தில் வைக்கிறார்களோ அந்த இடத்து முடி மட்டும்தான்.

வைகைக்கரை, நீங்கள் மகனா மகளா என்று தெரியவில்லை. மகன் என்றால் சித்தியையோ அக்காவையோ கூட அனுப்புங்கள். அம்மாவால் உங்களிடம் சொல்ல முடியாதது நிறைய இருக்கும்.

யாரும் சொல்லித்தராத ஒன்றைச் சொல்கிறேன். இடுப்பில் மையால் கோடு போட்டு, அங்கங்கே பொட்டு மாதிரி பச்சை குத்துவார்கள். தினமும் அந்தக் கோட்டை வைத்துத்தான் படுக்க வைப்பது. நம் அம்மாக்கள் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவது சரியாக அந்தக் கோட்டின் மேலேயே. வியர்வையில் நாடா உராய்ந்து மூன்றாம் நாளே கோடு அழிந்துவிடும், தோலும் புண்ணாகும். இரண்டு மாதத்துக்குப் பாவாடையே வேண்டாம். தொளதொளவென்று பருத்தி நைட்டி, மேலே ஒரு துண்டு, போதும். அந்த இடத்தில் மஞ்சள் கூடாது, சோப்பு கூடாது, பவுடர் கூடாது, வெறும் தண்ணீர் ஊற்றி ஒற்றி எடுக்க வேண்டும். என் பக்கத்துப் படுக்கை ஆத்தா கோடு அழிந்துவிட்டது என்று வீட்டிலேயே கண்மையால் வரைந்துகொண்டு வந்தார். டெக்னீஷியன் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

#10 ரிட்டயர்டு_டெக்னீஷியன், காலை 10.15

என் சர்வீஸில் கண்மை இரண்டு, மருதாணி ஒன்று. கோடு அழிந்தால் அப்படியே வாருங்கள் அம்மா, நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

#11 வல்லிபுரத்தான், பகல் 12.30

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். போர்க்காலத்திலும் அதற்குப் பிறகு சில வருடமும் எங்கட வடபகுதிச் சனம் கதிர்ச்சிகிச்சைக்கு மகரகமவுக்குத்தான் போக வேணும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புப் பக்கம் போய், பாஷை தெரியாத இடத்தில் மாசக்கணக்கில் இருக்க வேணும். என்ர பெரியம்மா பாதியில் விட்டுவிட்டு வந்தவ. பிறகு 2011ல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் 27 நாள் நடந்து காசு சேர்த்தார்கள், சிங்களவரும் தமிழரும் சேர்ந்து. அந்தக் காசில் 2013ல் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. நடை எங்கட வீட்டு வாசலால் போனபோது பெரியம்மா உயிரோட இல்லை.

கிட்ட இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு தூரத்தில் இருந்தவைக்குத்தான் தெரியும்.

#12 வைகைக்கரை, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. நான் மகன்தான். பெரியம்மா மகள் துணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

இன்று அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே போனேன். நீங்கள் சொன்ன கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டுபோய்க் கேட்டேன். முதலில் இருந்த ஆள், "இதையெல்லாம் நீ ஏன்பா கேக்குறே" என்றார். உள்ளே இருந்த டாக்டரம்மா சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, உட்காருங்கள் என்றார். ஆக்சிலரேட்டர் ஒன்று, கோபால்ட் ஒன்று இருக்கிறது. உள் கரண்ட் அங்கேயே. சோர்ஸ் போன மாதம்தான் மாற்றியிருக்கிறார்கள். ஆரம்பிக்க 12 நாள் ஆகும் என்கிறார்கள். தனியாரில் அட்டையை வைத்து விசாரித்தேன், அங்கே உள் கரண்ட் இல்லை, அதற்கு வேறு ஊர். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

ஒரே சிக்கல், அம்மாவுக்கு ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.2தான் இருக்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்? ஆரம்பிக்கும் முன் ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். 12 நாள் காத்திருப்பதும் பயமாக இருக்கிறது.

#13 இயற்பியல்_ஆள், இரவு 9.30

கதிர் வேலை செய்யக் கட்டிக்குள் பிராணவாயு வேண்டும். ரத்தசோகையில் கட்டிக்குப் பிராணவாயு போகாது, கதிரின் பலம் குறையும். 10க்கு மேல் வைத்துக்கொள்ள முயல்வது அதனால்தான். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் பன்னிரண்டு நாளில் அந்த வேலையைச் செய்யாது, ரத்தம் ஏற்றிவிடுங்கள்.

அந்த 12 நாளும் சும்மா போவதில்லை. சி.டி. எடுத்து, டாக்டர் ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கட்டி எது, மூத்திரப்பை எது, குடல் எது என்று கையால் வரைந்து, அதன் மேல் நாங்கள் திட்டம் போட்டு, மெஷினில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். சிறுநீரகம் கீமோவைத் தாங்குமா என்று கிரியாட்டினினும் அதற்குள் பார்ப்பார்கள்.

இன்னொன்று, அம்மாவைத் தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளிப்போய்க் கதிரிலிருந்து தப்பும். சி.டி. எடுத்த அன்று எவ்வளவு குடித்து எவ்வளவு நேரம் அடக்கினாரோ, தினமும் அதே அளவு, அதே நேரம். ஒரு நாள் அரை லிட்டர், மறுநாள் ஒரு டம்ளர் என்றால் நாங்கள் போட்ட கணக்கே தப்பிவிடும்.

#14 செல்வி_பேசுகிறேன், இரவு 9.55

அளவுக்கு ஒரே பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் பயணத்தில் மூத்திரம் முட்டும் என்று நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். அங்கே போய் உட்கார்ந்த பிறகு குடிக்கச் சொல்லுங்கள்.

#15 வைகைக்கரை, நான்கு வாரம் கழித்து

ஓடிக்கொண்டே இருந்ததில் இங்கே வர முடியவில்லை. ரத்தம் இரண்டு பாட்டில் ஏற்றி 10.4 ஆன பிறகு ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தார்கள். தினசரி காலண்டர் தாளைக் கிழிக்காமல் ஒவ்வொன்றிலும் நாள் எண்ணைப் பெரிதாக எழுதுகிறேன். இன்று 17வது நாள். அம்மாவே காலையில் "இன்னைக்கு எத்தனாவது" என்று கேட்கிறார்.

வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. கீரை, பால், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். கஞ்சி, மோர், இட்லி, உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று போகிறது. வாரம் ஒரு கீமோ அன்று மட்டும் வாந்தி. ஆனால் உதிரப்போக்கு இரண்டாவது வாரமே நின்றுவிட்டது. அதைச் சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இப்போது விஷயம். நேற்றும் இன்றும் மெஷின் ஓடவில்லை. தேனிக்காற்று அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்து வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நடுவில் அரசு விடுமுறையில் ஏற்கெனவே ஒரு நாள் போயிருக்கிறது.

#16 தேனிக்காற்று, பத்து நிமிடம் கழித்து

தம்பி, வீட்டுக்குப் போகாதே. டாக்டரைப் பார்க்காமல் அங்கிருந்து நகராதே. சண்டை போடாதே. மூன்று நாள் போயிருக்கிறது, எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று மட்டும் கேள்.

#17 இயற்பியல்_ஆள், அன்று மாலை

கீமோவும் சேர்ந்து ஓடுவதால் ஒரே நாளில் இரண்டு தடவை வைப்பது குடலுக்குக் கஷ்டம். சனிக்கிழமை பற்றிக் கேளுங்கள். 56க்குள் இன்னும் இடம் இருக்கிறது, பதற வேண்டாம்.

#18 வைகைக்கரை, மறுநாள் இரவு

கேட்டேன். டாக்டரம்மா காலண்டர் தாள்களை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இதுல ஒண்ணை நான் வச்சுக்கட்டுமா" என்று கேட்டு ஒரு தாளை எடுத்துக்கொண்டார். மெஷின் இன்று மதியம் ஓடிவிட்டது. வரும் சனிக்கிழமை வைக்கிறார்கள், அம்மாவுக்கு மட்டும் இல்லை, கருப்பை வாயும் தொண்டையும் உள்ள எல்லோருக்கும். தொண்டைக்கு மாஸ்க் போட்டு வைத்துக்கொள்கிற ஒரு தாத்தா, பேச முடியாமல் சைகையிலேயே என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

#19 செல்வி_பேசுகிறேன், அரை மணி கழித்து

தேனிக்காற்று அண்ணா, பார்த்தீர்களா?

#20 தேனிக்காற்று, நள்ளிரவு 12.10

பார்த்தேன்மா.

#21 வைகைக்கரை, ஐந்தரை வாரம் கழித்து

முடிந்தது. வெளிக் கரண்ட் 25வது தடவை 37வது நாள் முடிந்தது. உள் கரண்ட் 40, 47, 54. இரண்டு நாள் மிச்சம்.

உள் கரண்ட் பற்றிக் கேட்டு எழுதுங்கள் என்று இரண்டு பேர் தனிமடல் போட்டிருந்தீர்கள். அக்காவும் அம்மாவும் சொன்னதை எழுதுகிறேன். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டு, உள்ளே மூன்று குழாய் பொருத்துவார்கள். அப்புறம் ஸ்கேன், அப்புறம் கணக்குப் போட ஒன்றிரண்டு மணி நேரம். அந்த நேரம்தான் நரகம், அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். அம்மாவுக்கு மூக்கு அரித்திருக்கிறது, கையைத் தூக்கலாமா என்று கேட்கக்கூடப் பயந்து அப்படியே கிடந்திருக்கிறார். தூக்கலாமாம். மெஷின் ஓடியது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அம்மா கணக்கில் "ஒரு உலை கொதிக்கிற நேரம்". முதல் தடவைக்குத்தான் அழுதார். மூன்றாவது தடவை பக்கத்தில் புதிதாக வந்திருந்த பெண்ணுக்கு இவரே தைரியம் சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். உள்பாதை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதை அக்கா பார்த்துக்கொள்கிறார். இந்த விஷயத்தில் செல்வி அக்கா முதலிலேயே எச்சரித்தது எவ்வளவு உதவி என்று சொல்லி முடியாது. சித்தப்பா இப்போது எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பிரச்சாரச் செயலாளர். மாடு சினையாக இருக்கிறது.

#22 புதுவரவு_77, மறுநாள் காலை

அண்ணா, முழு இழையையும் படித்தேன். என் மனைவியின் அம்மாவுக்கும் இதே நோய். உங்கள் பக்கத்துக்காரர்தான் நான் என்று நினைக்கிறேன். நீங்கள் தினமும் போய் வந்தீர்களா, அங்கேயே தங்கினீர்களா? காப்பீட்டு அட்டை அவர்களிடம் இல்லை.

#23 வைகைக்கரை, காலை 7.25

முதல் மூன்று வாரம் போய் வந்தோம். வயிற்றுப்போக்கு வந்ததும் பஸ் சரிப்படவில்லை, ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு அறை பார்த்துக்கொண்டோம். நீங்கள் அந்த அறையை முதல் வாரமே பேசி வைத்துவிடுங்கள்.

அட்டைக்கு, வருட வருமானம் 1,20,000க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு கவுண்டருக்கு அத்தையையும் கூட்டிப்போங்கள், விரல் ரேகை வைக்க வேண்டியிருக்கும். குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் அட்டை இல்லாமலும் கரண்ட் வைப்பார்கள், அதற்காக ஒரு நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

பஸ் காலை 5.10க்கு. அதைப் பிடித்தால் ஏழரைக்குள் டோக்கன் வாங்கிவிடலாம். பாட்டில் ஒரு லிட்டர் வேண்டாம், அரை லிட்டர் வாங்குங்கள், அளவு தப்பாது. தனிமடலில் நம்பர் அனுப்புகிறேன், கூப்பிடுங்கள்.